கொழுந்து மலையும் எளிய யோகமும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியாவுக்கும் அட்டனுக்கும் இடைப்பட்ட மேற்குச் சரிவில் பரந்து கிடக்கும் திம்புள்ளப் பகுதி, உலகத் தேயிலைச் சந்தையில் தன் பெயராலேயே விலை பெறும் இடங்களுள் ஒன்றாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி முதல் 5,500 அடி வரை உயர்ந்து செல்லும் இச்சரிவில் தலவாக்கலை, லிந்துலை, பத்தனை, கொட்டகலை, அக்கரப்பத்தனை முதலிய சிற்றூர்களும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களும் அமைந்துள்ளன. ஆண்டின் முதல் மாதங்களில் வீசும் வறண்ட குளிர்காற்றே இங்குள்ள கொழுந்துக்குத் தனி மணத்தைத் தருகிறது என்பது தேயிலை வணிகரின் கணிப்பு. 1925இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டிருப்பதால், செடியின் வயது, அதன் கிளைகளைத் தறித்து மட்டம் செய்யும் கவ்வாத்துக்குரிய காலம், மண்ணின் புளிப்பு ஆகிய யாவும் இம்மலைகளில் பல தலைமுறைகளாகக் கணக்கெடுக்கப்பட்டு வந்துள்ளன. அச்செடியிலிருந்து கொழுந்து கிள்ளிய மனித உடலின் வரலாறோ அத்துணைக் கவனத்தோடு எழுதப்பட்டதில்லை.

அவ்வுடலைப் பற்றிப் பேசுவதற்கு யோகத்தின் வரலாறு ஒரு வாயிலாக அமைகிறது. தொடக்க நிலையினருக்கும் முதியோருக்கும் உரிய எளிய ஹடயோக வகுப்பு, அதாவது மூச்சோடு இணைந்த மெல்லிய அசைவுகளும் சில ஆசனங்களும் நீண்ட ஓய்வும் கொண்ட பயிற்சி, இன்று உலகின் பெரும்பாலான நகரங்களில் வழக்கமாகிவிட்டது. பழைய கடுந்தவத்தை நகர மக்களின் வசதிக்காக நீர்க்கச் செய்ததன் விளைவே இது என்ற எண்ணம் பரவலாக உண்டு. யோக நூல்களையும், கடந்த நூறாண்டில் அதனைப் பரப்பிய ஆசிரியர்களின் வாழ்க்கையையும் சேர்த்து நோக்கும்போது அவ்வெண்ணம் நிலைபெறுவதில்லை. அது மட்டுமன்றி, எளிய யோகம் உலகுக்குச் சென்ற வழி தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் வாழ்விடங்களை இருமுறை தொட்டுச் சென்றதும் புலப்படுகிறது.

ஹடம் என்னும் சொல்

ஹடம் என்னும் வடசொல்லுக்கு வலிந்து செய்தல் என்பதே நேர்ப்பொருள். பிற்கால நூல்களும் உரைகளும் அதனை இரண்டாகப் பிரித்து, முதலெழுத்துக் கதிரவனையும் அடுத்த எழுத்துத் திங்களையும் குறிப்பதாகக் கொண்டு, வல மூக்கில் ஓடும் சூரியகலையையும் இட மூக்கில் ஓடும் சந்திரகலையையும் சமன்செய்வதே ஹடயோகம் என விளக்கின. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் தொகுத்த ஹடயோகப் பிரதீபிகை இம்மரபின் தலையாய நூலாகும். அது விவரிக்கும் ஆசனங்கள் பதினைந்து மட்டுமே. அவற்றுள் பெரும்பாலானவை அமர்ந்தோ படுத்தோ செய்யப்படுபவை.

அந்நூலில் இக்கட்டுரைக்கு இன்றியமையாத மூன்று கருத்துகள் உள்ளன. முதலாவது, இளைஞர், முதியோர், மிக முதிர்ந்தோர், நோயுற்றோர், மெலிந்தோர் ஆகிய எவரும் சோம்பலின்றிப் பயின்றால் யோகத்தில் பயன் பெறுவர் என்பது. இரண்டாவது, மிகையுண்டி போலவே மிகைமுயற்சியும் யோகத்தைக் கெடுக்கும் ஆறு குற்றங்களுள் ஒன்று என்பதும், அதிகாலைக் குளியல், பட்டினி முதலிய உடலை வருத்தும் விதிகளைப் பயில்வோர் விலக்க வேண்டும் என்பதும். மூன்றாவது, பிணம்போல் மல்லாந்து படுக்கும் சவாசனம் களைப்பைப் போக்கி மனத்துக்கு ஓய்வு தரும் என்பது. வலிந்து செய்தல் என்ற பொருளைப் பெயரிலேயே தாங்கிய ஒரு மரபு, வருந்திச் செய்வதைக் குற்றமாக எண்ணியதும் முதியவருக்கு இடம் வைத்ததும் கவனிக்கத்தக்கன.

தமிழ்ச் சைவ மரபிலும் நிலை இதுவே. பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளை வரிசையாக எடுத்துரைக்கிறது. திருமூலர் ஆதனம் என்று கூறுவது பெரும்பாலும் அமரும் முறையையே. பங்கயம், பத்திரம், கோமுகம் ஆகியவற்றோடு சுகமாக அமர்தல் என்று பொருள்படும் சுகாதனத்தையும் அவர் சேர்த்தே எண்ணுகிறார். உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவதாகும் என்ற அவருடைய நிலைப்பாடு, உடலை ஒறுப்பதே யோகம் என்ற கருத்துக்கு நேர் எதிரானது.

தோட்டத்தில் முதுமை தோன்றியது

முதுமை என்பது தோட்டத்தில் எக்காலத்தும் ஒரே வகையாக இருந்ததில்லை. 1820களில் கண்டிச் சுற்றுவட்டாரத்தில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்குத் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடைக் காலத்தில் வந்து, காலம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். நோயுற்றோரும் தளர்ந்தோரும் வழியிலேயே மாண்டனர், அல்லது சொந்த ஊரில் மூப்படைந்தனர். 1869இல் தோன்றிய கோப்பி இலைத்துரு நோய் அப்பயிரை அழித்தபின், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை மலைகளை மூடியது. 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய இருப்புப்பாதை இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது.

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாடு தொழிலாளரின் வாழ்நாளையே மாற்றி அமைத்தது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்ப்பதால் ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்பட்டது. கொழுந்து பறித்தல் பெண்களுக்குரிய வேலையாக வகுக்கப்பட்டதால் குடும்பம் குடும்பமாக மக்கள் குடியமர்த்தப்பட்டனர். வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட லயன் வீடுகளில், ஒரு காம்பராவில், அதாவது ஓர் அறையில், பிறந்து அங்கேயே மூப்படையும் மக்கள் தொகுதி அவ்வாறுதான் உருவாயிற்று. தோட்டத்து முதியவர் என்ற நிலையே தேயிலையின் விளைவு எனலாம்.

வேலைக்குத் தகுதியான உடலைப் பேணுவதில் சட்டம் முன்னதாகவே அக்கறை கொண்டிருந்தது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட மாவட்டங்களில் மருத்துவ வசதிக்கு அடித்தளமிட்டது. டிஸ்பென்சரி என்னும் தோட்ட மருந்தகமும் தோட்ட மருத்துவ உதவியாளரும் அதன் வழியில் வந்தவை. அவற்றின் நோக்கம் காய்ச்சலையும் கொள்ளைநோயையும் அடக்கி வேலையாளைப் பெரட்டுக்குத் திருப்பி அனுப்புவதாகும். பெரட்டு என்பது விடியற்காலையில் வேலை பகிர்ந்தளிக்கக் கூடும் கூட்டம். அதற்கு ஆள்களை எழுப்பத் தப்பு அடிக்கப்பட்ட காலமும் உண்டு. வேலையாளர் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிய பின் அவ்வுடலுக்கு எவரும் பொறுப்பாளராக இருந்ததில்லை.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடல் எவ்வாறு தேய்கிறது என்பதை அணுகி நோக்க வேண்டும். கூடையின் கயிறு மடித்த துணியின் மீது தலையில் பதிந்திருக்க, கூடை முதுகில் தொங்குகிறது; கொழுந்து நிறைய நிறையக் கயிறு தலையைப் பின்னே இழுப்பதால், அதற்கு ஈடுகொடுக்கக் கழுத்தும் மேல்முதுகும் முன்னோக்கி வளைந்தே நிற்கின்றன. இரு கைகளும் மார்பளவு உயரத்தில் நீண்டு இடைவிடாது கிள்ளுகின்றன. பெருவிரலும் சுட்டுவிரலும் ஓயாமல் இயங்க, தோள்கள் மேலே தூக்கப்பட்டபடி இறுகிவிடுகின்றன. சரிவில் நிற்கும்போது ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக இருப்பதால் இடுப்பின் பாரம் ஒருபுறம் சாய்கிறது. நிறைந்த கூடையோடு இறங்குகையில் முழங்கால்கள் அப்பாரத்தைத் தாங்குகின்றன. மழைக்கும் குளிருக்கும் மேலே போர்த்திய கம்பளி நனைந்து அதன் எடையும் சேர்கிறது. ஐம்பது வயதை எட்டும்போது இடுப்புக் கடுப்பும் முழங்கால் பிடிப்பும் கழுத்து இறுக்கமும் பலருக்குப் பொதுவாகிவிடுகின்றன. காற்றோட்டம் குறைந்த காம்பராவில் விறகடுப்புப் புகையை நெடுங்காலம் சுவாசித்ததால் மூச்சும் குறுகுகிறது.

இலங்கையின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் சேமிப்பை மீளப்பெற இடமளித்தது. அத்தொகையோடு வீட்டில் அமர்பவர்கள் உண்மையில் ஓய்வில் அமர்வதில்லை. மகனும் மருமகளும் மலைக்கோ கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குச் செல்ல, பேரப்பிள்ளைகளை வளர்ப்பதும் விறகு சேர்ப்பதும் காய்கறிப் பாத்தியைப் பார்ப்பதும் அவர்கள்மீதே விழுகின்றன. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 12.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாடு முழுவதும் முதுமையை நோக்கி நகரும்போது மலையகத்தின் முதுமை இவ்வாறு உழைப்பின் தழும்புகளோடு வருகிறது.

கூத்துக்களத்தில் தவம்

யோகமோ தவமோ தோட்ட மக்களுக்கு அயலான சொற்கள் அல்ல. மலையகத்தின் மூன்று பெருங்கூத்துகளாகிய காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றுள் முதலிரண்டும் தவத்தையே கதைப்பொருளாகக் கொண்டவை. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்தில், யோகத்தில் ஆழ்ந்திருக்கும் சிவனின் நிலையைக் கலைக்க வந்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுகிறான்; பல நாள் நீளும் இக்கூத்துக்குத் தோட்டம் முழுவதுமே அரங்கமாகிறது. அருச்சுனன் தபசில், பாசுபதம் வேண்டித் தவமிருக்கும் அருச்சுனனாக வேடமேற்றவர் உயர்ந்த கம்பத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி உச்சியில் நின்று தவம் புரிகிறார்.

இக்கூத்துகள் மக்கள் மனத்தில் பதித்த யோகத்தின் உருவம் இரண்டு பண்புகளை உடையது. ஒன்று, யோகி தெய்வமாகவோ வீரனாகவோ இருக்கிறான்; மற்றொன்று, அவனுடைய தவம் சாதாரண உடலுக்கு எட்டாத அருஞ்செயலாக இருக்கிறது. எனவே யோகம் மதிப்புக்குரியதாகவும் அதே வேளையில் தமக்கு உரியதன்று என்று ஒதுக்கத்தக்கதாகவும் ஒருசேரத் தோன்றிற்று. நாள் முழுதும் சரிவில் நின்ற பெண்ணுக்குக் கம்பத்தின் உச்சியில் ஒற்றைக்காலில் நிற்கும் தவம் வேடிக்கைக்குரிய காட்சியாகலாமேயன்றி இடுப்பு நோவுக்கு மருந்தாகத் தோன்றியிராது.

நூல்வழி யோகமும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. சுவாமி விவேகானந்தர் 1897 சனவரியில் கொழும்பில் இறங்கிக் கண்டிவரை இரயிலில் வந்தபோது, அதே இருப்புப்பாதை நானுஓயாவரை நீண்டு பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பயணமோ கண்டியிலிருந்து மாத்தளை, அனுராதபுரம் வழியாக வடக்கே யாழ்ப்பாணத்தை நோக்கித் திரும்பியது. அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த அவருடைய இராஜயோகம் என்னும் நூல், ஹடயோகத்தை உடலை வலுப்படுத்துவதோடு நின்றுவிடும் கலை என ஒதுக்கி, தியானத்துக்கே முதன்மை தந்தது. படித்த வகுப்பினரிடையே ஆசனம் மதிப்பிழந்திருந்த காலம் அது.

தோட்ட மருத்துவர் துறவியானார்

ஆசனத்துக்கு மீண்டும் மதிப்பைத் தேடித் தந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல திசைகளில் தோன்றினர். யோகேந்திரர் 1918இல் பம்பாய்ப் பகுதியில் இல்லறத்தாருக்கான யோக நிலையத்தைத் தொடங்கினார். சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவளாவில் கைவல்யதாமத்தை நிறுவி ஆசனங்களின் உடலியல் விளைவுகளைச் சோதனைக்கு உட்படுத்தினார். மலையகத்தோடு தொடர்புடைய கிளை, கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசுவாமியிடமிருந்து தொடங்குகிறது.

மருத்துவம் பயின்ற குப்புசுவாமி 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறி, சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் ஜொகூரில் தொழிலைத் தொடர்ந்தார். இலங்கைத் தேயிலை மலைகளுக்கு வந்த அதே தமிழக ஊர்களிலிருந்து, அதே கங்காணி முறையில், அதாவது ஊரில் ஆள் சேர்த்து முன்பணம் கொடுத்து அழைத்துவரும் முறையில், மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் மக்கள் சென்றனர். அத்தொழிலாளரின் காய்ச்சலையும் புண்ணையும் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் பார்த்த மருத்துவர் 1923இல் பணியைத் துறந்து, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். அங்கும் அவர் யாத்திரிகருக்கும் சாதுக்களுக்கும் மருந்து கொடுப்பதை நிறுத்தவில்லை. 1936இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவிய அவர், ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் மருத்துவருக்குரிய நோக்கில், எளிய நடையில், ஏராளமான நூல்களாக எழுதினார். நாள்தோறும் சிறிதளவு, இயன்ற அளவு, விடாமல் என்பதே அவருடைய அறிவுரைகளின் சாரம். 1950இல் அவர் மேற்கொண்ட நெடும்பயணத்தில் இந்தியாவோடு இலங்கையும் அடங்கியிருந்தது.

கண்டித் தபோவனம்

சிவானந்தரின் மாணவருள் இலங்கையில் நீண்ட காலம் தங்கியவர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்து, இளமையில் மனைவியை இழந்த இவர், பழனி, திருவண்ணாமலை முதலிய இடங்களில் சாதனை புரிந்து 1949இல் ரிஷிகேசத்தில் துறவு பெற்றார். 1953இல் குருவின் பணிப்பின்பேரில் இலங்கைக்கு வந்து, முதலில் திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் தபோவனம் அமைத்துப் பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். தபோவனம் என்பது தவத்துக்குரிய காடு எனப் பொருள்படினும், இங்கே அது ஆசனம், பிரார்த்தனை, சொற்பொழிவு ஆகியவற்றுக்குப் பொதுமக்கள் வந்துசெல்லும் இடமாக இருந்தது. பௌத்தரும் சைவரும் இசுலாமியரும் கிறித்தவரும் கலந்து வாழும் மலைநாட்டில், குருபூசை நாளைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் எல்லாச் சமயப் பெரியோரையும் போற்றும் நாளாக அவர் மாற்றியமைத்தார். சமய அடையாளம் கடந்து உடலையும் மூச்சையும் பொதுவாகக் கொண்ட அவருடைய கற்பித்தல் முறை அச்சூழலில் முதிர்ந்தது.

1966இல் மேற்குநாட்டு மாணவர் அழைப்பில் ஐரோப்பாவுக்கும் அங்கிருந்து நியூயோர்க்குக்கும் சென்ற சச்சிதானந்தர் அங்கேயே தங்க நேர்ந்தது. 1969 ஆகஸ்டில் உட்ஸ்டொக் இசைவிழாவின் தொடக்கத்தில் இலட்சக்கணக்கான இளைஞர்முன் அவர் பேசியது உலகறிந்த செய்தி. அதனினும் ஆழ்ந்த விளைவு வேறிடத்தில் நிகழ்ந்தது. அவரிடம் யோகம் பயின்ற மருத்துவர் டீன் ஓர்னிஷ், கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, நடை, குழு ஆதரவு ஆகியவற்றோடு மெல்லிய ஆசனம், மூச்சுப்பயிற்சி, தியானம் என்பனவற்றையும் சேர்த்து இதய நோயாளருக்குரிய வாழ்க்கைமுறை ஒன்றை வகுத்தார். 1990இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அவருடைய ஆய்வில், ஓராண்டுக்குப் பின் அம்முறையைப் பின்பற்றியோருள் 82 விழுக்காட்டினரின் இதயக் குழாய் அடைப்பு குறையும் திசையில் மாறியிருந்தது. பங்கேற்றோர் தொகை சிறிது. உணவும் நடையும் சேர்ந்த விளைவாதலால் யோகத்துக்கு மட்டும் அப்பெருமையைத் தருவதற்கில்லை. ஆயினும் நோயுற்றவரும் நடுவயது கடந்தவரும் அஞ்சாமல் செய்யத்தக்க யோகம் ஒன்று மருத்துவமனைக்குள் நுழைய அவ்வாய்வு வழிவகுத்தது.

அப்பதின்மூன்று ஆண்டுகளில் கண்டிக்கும் திம்புள்ளைக்கும் இடையே இரயில் நாள்தோறும் ஓடியது. ஆனால் விடியற்காலைப் பெரட்டில் தொடங்கி மாலையில் கொழுந்து நிறுத்து முடியும் தோட்டத்தின் நாள்முறை, நகரத்து வகுப்புக்கு இடம் தரும் நாள்முறை அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் யார் இருப்பது யார் போவது என்று பங்கிடப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்கு அக்காலத்தில் உடலின் அமைதியைவிட இருப்பின் கேள்வியே பெரிதாக இருந்தது. பிற்காலத்தில் நுவரெலியாவில் காயத்ரி பீடத்தை நிறுவிய காயத்ரி சித்தர் முருகேசு சுவாமிகள், சென்னையில் வாழ்ந்த கண்ணையா யோகியின் மாணவர். இரம்பொடையில் சின்மயா மிசன் எழுப்பிய அனுமன் கோவிலும் சிவானந்தரின் மற்றொரு மாணவராகிய சின்மயானந்தரின் வழிவந்தது. இவ்விரண்டும் யோகத்தின் மந்திர, தியான, பக்தி அங்கங்களை மலையகத்தில் வேரூன்றச் செய்தன.

சென்னையும் கூடுவாஞ்சேரியும்

எளிய யோகத்துக்குத் தமிழகத்தில் வேறு இரண்டு ஊற்றுகள் உண்டு. 1888இல் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1933 முதல் மைசூர் அரண்மனையில் நடத்திய யோகசாலையில் சிறுவர்க்குக் கற்பித்தது தாவலும் வளைவும் நிறைந்த கடும்பயிற்சி. இன்று படங்களில் காணப்படும் வியத்தகு ஆசனங்கள் பலவற்றின் பரவலுக்கு அச்சாலையே காரணம். அதே ஆசிரியர் 1950களில் சென்னைக்கு வந்து, பக்கவாதத்தால் தளர்ந்த ஒரு சட்டவல்லுநரைப் போன்ற தனி மனிதர்க்குக் கற்பிக்கத் தொடங்கியபோது அவருடைய முறை மாறிற்று. வளரும் பருவத்துக்கு ஒன்று, இல்லறப் பருவத்துக்கு ஒன்று, முதுமைக்கு ஒன்று என்று அவர் பயிற்சியை வகுத்தார். ஆசனத்துக்கு உடலைப் பொருத்துவதை விட்டு உடலுக்கு ஆசனத்தைப் பொருத்தினார். தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை மருத்துவத்தை மறுத்து, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சியைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அம்முறையைத் தொடர்ந்தது.

மற்றொருவர் 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி. தறியில் குனிந்தே வாழ்ந்த உடலை அறிந்த அவர், மனவளக்கலை என்னும் தம் பாடத்திட்டத்தின் முதற்படியாக எளியமுறை உடற்பயிற்சியை அமைத்தார். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல், உடல் தளர்த்தல் முதலியவை அடங்கிய அப்பயிற்சியின் பெரும்பகுதி நின்றும் அமர்ந்தும் செய்யப்படுவதால், கடும் ஆசனங்களைச் செய்ய இயலாதவரும் பங்குபெற இடமுண்டு. உழைப்பாளியின் உடலைக் கருதி ஓர் உழைப்பாளி வகுத்த யோகமாகையால், தோட்டத்துக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே.

வகுப்பின் உறுப்புகள்

இவ்வூற்றுகள் கலந்து உருவான இன்றைய எளிய வகுப்பின் அமைப்பில் வரலாறு படிந்துள்ளது. சச்சிதானந்தரின் மரபில் வகுப்பு கண்களை மேலும் கீழும், பக்கவாட்டிலும் சுழற்றுவதில் தொடங்குகிறது. பின்னர் சூரிய வணக்கம், முதுகைப் பின்வளைக்கும் பாம்பாசனம், முன்வளையும் பச்சிமோத்தானாசனம், தோள்மீது நிற்கும் சர்வாங்காசனம், அதற்கு மாற்றான மச்சாசனம், முதுகெலும்பைத் திருகும் அர்த்த மச்சேந்திராசனம் என்று சென்று, யோகநித்திரை எனப்படும் நீண்ட தளர்வு, மூச்சுப்பயிற்சி, தியானம் ஆகியவற்றில் நிறைவடைகிறது. முதியோருக்குரிய வகுப்பில் வரிசை மாறுவதில்லை, அளவு மாறுகிறது: சூரிய வணக்கம் நாற்காலியைப் பிடித்துக் கைகளை உயர்த்தித் தாழ்த்துவதாகச் சுருங்குகிறது, பாம்பாசனம் மார்பை நான்கு விரல் உயர்த்துவதோடு நிற்கிறது, சர்வாங்காசனத்துக்குப் பதிலாகக் கால்களைச் சுவரில் சாய்த்துப் படுத்தல் அமைகிறது.

கொழுந்து பறித்த உடலுக்கு இவ்வரிசை பொருந்துவதற்குக் காரணம் உண்டு. முப்பது ஆண்டு முன்வளைந்து நின்ற மேல்முதுகுக்கு மார்பை மெல்ல உயர்த்தும் பயிற்சி எதிர்த்திசையைக் காட்டுகிறது. இறுகிய தோளுக்கு மூச்சை உள்ளிழுத்தபடி கைகளை உயர்த்துவதும் வெளிவிட்டபடி தாழ்த்துவதும் இளக்கம் தருகின்றன. புகையில் குறுகிய மூச்சுக்கு வயிறு, விலா, மார்பு என்று மூன்று படியாக நிரப்பும் நீள்மூச்சு இடம் விரிக்கிறது. அதே வேளையில் எச்சரிக்கைகளும் உள்ளன: மிகை இரத்த அழுத்தமோ கண்ணழுத்த நோயோ உள்ளவர் தலைகீழ் நிலைகளையும், எலும்பு மெலிந்தவர் ஆழ்ந்த முன்வளைவையும், இதய நோயாளர் வேகமான கபாலபதியையும் தவிர்க்க வேண்டும். குளிர் மிகுந்த மலையில் விடியற்காலை வகுப்பு மூட்டுகளுக்கு நன்மை செய்யாது. வெயில் ஏறிய பின்னரே உடல் இளகும்.

யோகத்தால் ஆகாதவையும் உண்டு. குறைந்த கூலியையும், ஒழுகும் லயன் வீட்டையும், தொலைவிலுள்ள மருத்துவமனையையும் எந்த ஆசனமும் சரிசெய்வதில்லை. உழைப்பின் சுமையைக் குறைக்காமல் வலியைத் தாங்கும் வித்தையைக் கற்பிப்பது, டிஸ்பென்சரி மருந்தால் ஆளைப் பெரட்டுக்குத் திருப்பி அனுப்பிய பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சியாகவே முடியும். எனவே எளிய யோகத்தை உரிமைகளுக்கு மாற்றாகக் கருதாமல், உரிமைகளோடு சேர்த்துத் தரப்பட வேண்டிய ஒரு பங்காகக் கருதுவதே முறை.

2014 டிசம்பர் 11ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சூன் 21ஆம் நாளை உலக யோக நாளாக அறிவித்தது. 2016இல் யுனெஸ்கோ மனித குலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் யோகத்தைச் சேர்த்தது. ஆண்டுக்கு ஒருநாள் மைதானத்தில் நிகழும் கூட்டுப்பயிற்சியில் முன்வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் மாணவரே. ஹடயோக நூல்கள் முதியவரையும் மெலிந்தவரையும் பெயர்சொல்லி அழைத்திருக்க, தோட்டத் தொழிலாளருக்கு மருந்து கொடுத்த கையால் எழுதப்பட்ட நூல்களும் கண்டியில் முதிர்ந்த முறையும் உலகெங்கும் முதியோரைச் சென்றடைந்திருக்க, அவ்விரண்டுக்கும் அருகில் வாழ்ந்த மக்களுக்கு அது கடைசியில் வந்து சேர்வது வரலாற்றின் கடன். அக்கடனைத் தீர்க்கப் பெரிய ஆசிரமம் எதுவும் தேவையில்லை. தோட்டத்து முதியோர் பேசும் தமிழில் கற்பிக்கும் ஒருவர், முன்னதாக இரத்த அழுத்தம் பார்க்கும் டிஸ்பென்சரி, சில நாற்காலிகள், சில பாய்கள் ஆகியவை போதும். இடமும் ஏற்கனவே உண்டு. காலைப் பெரட்டு கலைந்த பின் தோட்டத்துப் பெரட்டுக்களம் மாலைவரை வெறுமையாகவே கிடக்கிறது.